பூங்கொடி பெயரில் ஆடியவள்

கோட்டின்மேல் வரிசையாக நிற்கிறார்கள், பதினோரு பெண்கள், ஒருத்திக்கு வயிறு தள்ளியிருக்கிறது, ஒருத்தி நரைக்குச் சாயம் பூசியிருக்கிறாள், ஜெர்சிக்கு வெளியே வந்துவிட்ட தாலிக்கொடியை இன்னொருத்தி அவசரமாக உள்ளே தள்ளுகிறாள், மாலை நாலு மணி வெயில், செம்மண் மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு பளிச்சென்று கிடக்கிறது, நடுவர் தாளைப் பிரித்து முதல் பெயரை வாசிக்கிறார், பெயர் வந்ததும் அந்தப் பெண் ஓரடி முன்னால் வந்து தன் பெயரையும் ஜெர்சி எண்ணையும் உரக்கச் சொல்ல வேண்டும், போட்டி ஆட்டங்களில் அதுதான் முறை, பழைய மாணவிகள் சும்மா ஆடுகிற வழியனுப்பு ஆட்டத்துக்கு எதுக்கு மேடம் இதெல்லாம் என்று நடுவர் கேட்டதற்கு, இல்ல தம்பி, முறையா நடக்கட்டும் என்று மங்களேஸ்வரிதான் பிடிவாதம் பிடித்தாள், இருபத்தேழு வருஷம் இந்தக் கல்லூரியின் பெண்கள் கால்பந்து அணிக்குப் பயிற்சியாளராக இருந்துவிட்டு இன்றோடு ஓய்வு பெறுகிறவள், கேட்டால் மறுக்கவா போகிறார்கள்.

அவள் கைப்பையில் இரண்டு பக்கக் கடிதம் ஒன்று இருக்கிறது. ஆட்டம் முடிந்து பந்தலில் பொன்னாடை போர்த்தி, புகழ்ந்து தள்ளிய பிறகு, ஏற்புரைக்கு எழுந்து அதை வாசிக்கலாம் என்று ஒரு மாதமாக எழுதி எழுதிக் கிழித்துக் கடைசியில் தேறியது, வாசித்தால் இந்தக் கல்லூரியின் முதல் கோப்பை மோசடி என்றாகும், அவள் பெயர் நாறும், அது போகட்டும், வரிசையில் நிற்கும் பூங்கொடியின் அரசாங்க வேலை போகும், வாசிக்காவிட்டால் பூங்கொடிக்குப் பக்கத்தில் நிற்கும் அமலோற்பவத்துக்குச் செய்தது செய்ததாகவே நின்றுவிடும். ஒன்று, என்று முதல் பெயர்க்காரி சொல்கிறாள், நடுவர் பேனாவால் ஒரு கோடு கிழிக்கிறார், அப்படிப் பேனா கோடு கிழிப்பதை மங்களேஸ்வரி இருபத்து நாலு வருஷமாக நிமிர்ந்து பார்த்ததில்லை.

அப்போது அவள் வேலைக்கு வந்து மூன்றாவது வருஷம், திண்டுக்கல்லில் தெருவுக்கு ஒரு கால்பந்து அணி உண்டு, எல்லாம் பையன்களுக்கு, பெண்பிள்ளைகளை இறக்க வீடு வீடாகப் போய்க் கெஞ்ச வேண்டும், கால காட்டிக்கிட்டு ஓடுறதுக்கா எம்பிள்ளைய காலேசுக்கு அனுப்புனேன் என்று ஓர் அம்மா கேட்கிறாள், இல்லக்கா, முட்டி வரைக்கும் டவுசர், அதுக்குக் கீழ நீளமா காலுறை, ஒரு விரக்கடை கூடத் தெரியாது என்று இவள் சத்தியம் செய்கிறாள், அப்படிச் சத்தியம் செய்து செய்து சேர்த்ததே மொத்தம் பதிமூன்று பேர், இரண்டு வருஷமாக முதல் சுற்றிலேயே தோற்றுத் திரும்பினார்கள், கல்லூரிச் செயலர் கூப்பிட்டு, இந்த வருசமும் கோப்பை இல்லன்னா கால்பந்த எடுத்துட்டு த்ரோபால் போட்ருவோம்மா, அதுல சீலை கட்டிக்கிட்டே ஆடலாம் என்று சிரித்தார், அவர் சிரித்த சிரிப்பு அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. போட்டி தேனியில், புதன்கிழமை கிளம்ப வேண்டும், அதற்குள் ஒருத்திக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது, இன்னொருத்திக்குக் கணுக்கால் பிசகிவிட்டது, மிஞ்சிய பதினோரு பேரில் பூங்கொடியைத் தேடி ஞாயிற்றுக்கிழமை போனால் வாசலில் வேப்பிலை செருகியிருக்கிறது, அம்மை போட்ருக்கு மிஸ், உள்ள வராதீங்க என்று உள்ளேயிருந்து பூங்கொடியின் குரல் மட்டும் வருகிறது.

பத்துப் பேரோடு ஆடியிருக்கலாம். விதியில் இடம் உண்டு, தோற்றிருக்கலாம், த்ரோபால் வந்திருக்கலாம், உலகம் ஒன்றும் அழிந்திருக்காது, ஆனால் அவள் கால்கள் நேரே அமலோற்பவம் வீட்டுக்குப் போயின, அந்த அணியிலேயே பந்து யார் சொல்லைக் கேட்கும் என்றால் அமலோற்பவம் சொல்லைத்தான் கேட்கும், அப்பா செத்துப்போய் ஆறு மாதத்துக்கு முன்பு படிப்பை நிறுத்திவிட்டு நூல் மில்லுக்குப் போய்க்கொண்டிருந்தாள், கல்லூரிப் பதிவேட்டில் பெயர் அடித்தாகிவிட்டது, அந்தக் காலத்தில் இதைப் பேர் மாத்தி இறக்குறது என்பார்கள், எல்லாக் கல்லூரியும் செய்ததுதான், முதல்வர் கையெழுத்திட்ட படிவத்தில் ஒட்டியிருக்கும் படம் ஒருத்தியுடையது, ஆடுகிறவள் இன்னொருத்தி, தபால்தலை அளவுக் கறுப்பு வெள்ளைப் படத்தில் இரட்டைச் சடை போட்ட எந்தப் பிள்ளையும் எந்தப் பிள்ளை மாதிரியும் இருக்கும், அதிகாரிகள் பெண்பிள்ளைகளை முகம் பார்த்தா நினைவு வைக்கிறார்கள். மூணு நாள்தான் அமலு, மில்லுல லீவு சொல்லிரு என்றாள், அமலோற்பவம் ஏன் என்று கேட்கவில்லை, எத்தன மணிக்கு பஸ் மிஸ் என்றுதான் கேட்டாள்.

வத்தலக்குண்டு தாண்டியதும் பஸ்ஸில் பாடம் ஆரம்பித்தது, உன் பேரென்ன, பூங்கொடி, அப்பா பேரு, முனியாண்டி, பொறந்த தேதி, பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து சிரித்துக்கொண்டே கேட்கிறார்கள், திடீரென்று பின்னாலிருந்து ஒருத்தி அமலு என்று கூப்பிட இவள் திரும்பிவிடுகிறாள், திரும்பக் கூடாது, செத்தாலும் திரும்பக் கூடாது என்று மங்களேஸ்வரி தொடையில் ஓர் அடி வைக்கிறாள், மறுபடியும் கூப்பிடுகிறார்கள், மறுபடியும் திரும்புகிறாள், பெரியகுளம் வருவதற்குள் அமலு என்று கத்தினாலும் ஜன்னல் வழியே தென்னந்தோப்பைப் பார்த்துக்கொண்டு உட்காரப் பழகிவிட்டாள், நல்ல பிள்ளை, சொன்னதைச் செய்கிற பிள்ளை. மைதானத்துக்குள் நுழையும் முன்பு படத்தில் பூங்கொடிக்குப் பொட்டு இருப்பது நினைவு வந்தது, அமலோற்பவத்தின் நெற்றி வெறும் நெற்றி, கழுத்தில் மாதா படம் போட்ட டாலர், மங்களேஸ்வரி அந்த டாலர்க் கயிற்றைக் கழற்றித் தன் பையில் போட்டுக்கொண்டு, தன் நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டைப் பிய்த்து அவள் நெற்றியில் ஒட்டி, கட்டைவிரலால் அழுத்திவிட்டாள். வரிசையில் நின்றார்கள், நடுவர் பூங்கொடி என்று வாசித்தார், ஒரு நொடி, ஒரே நொடி அந்தப் பிள்ளை இவளைத் திரும்பிப் பார்த்தது, பிறகு ஓரடி முன்னால் வந்து, பூங்கொடி, ஏழு என்றது, பேனா கோடு கிழித்தது.

ஜெயித்தார்கள். இறுதி ஆட்டத்தில் இரண்டு கோலும் அவள் போட்டதுதான், இரண்டாவது கோலுக்கு மூன்று பேரைத் தாண்டிப் போனாள், பூங்கொடி பூங்கொடி என்று கூட்டம் கத்தியது, அவளும் அந்தப் பெயருக்கே கையை உயர்த்திக் காட்டினாள், சிறந்த ஆட்டக்காரி என்று பூங்கொடி பெயரில் சான்றிதழ் கொடுத்தார்கள், பல்கலைக்கழக அணிக்குப் பூங்கொடியைத் தேர்ந்தெடுத்தார்கள், முகாமுக்கு அனுப்பும்படி கடிதம் வந்ததும் மங்களேஸ்வரி, பூங்கொடிக்கு மூட்டில் அடி, ஆட இயலாது என்று பதில் எழுதினாள், முதல் பொய்க்கு இரண்டாவது பொய் காவல். அதற்கப்புறம் மதியச் சாப்பாட்டுக்குப் பின் நாற்காலியில் கண்ணயர்ந்தால் ஒரு கனவு வரும், வரிசையில் நிற்கிற பிள்ளைகள் எல்லோரும் வேறு வேறு பெயருக்குப் பூங்கொடி பூங்கொடி என்றே பதில் சொல்வார்கள், கடைசியில் நடுவர் மங்களேஸ்வரி என்று கூப்பிடுவார், இவளும் வாயைத் திறந்து பூங்கொடி என்பாள், விழித்தால் மேசைமேல் விசில் கிடக்கும், வெளியே பிள்ளைகள் சுற்று ஓடிக்கொண்டிருப்பார்கள்.

நாலு வருஷம் கழித்துப் பூங்கொடிக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை வந்தது, இனிப்புப் பெட்டியோடு வந்து காலில் விழுந்தாள், எழுந்து நின்றபோது முகத்தைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டாள், எங்கப்பா அந்தச் சான்றிதழயும் சேத்து அனுப்பிட்டாரு மிஸ், நான் வேணான்னுதான் சொன்னேன் என்றாள், சான்றிதழ் உண்மைதானா என்று வேலை கொடுத்த அலுவலகத்திலிருந்து கல்லூரிக்குக் கேட்டு எழுதியபோது உண்மை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டது யார், மங்களேஸ்வரிதான், முதல் பொய் ஆட்டத்துக்காகச் செய்தது, இரண்டாவது பயத்தில் செய்தது, இந்த மூன்றாவதை என்னவென்று சொல்வது. அதே மாதத்தில் அமலோற்பவமும் வந்தாள், பஞ்சு ஒட்டிய தலையோடு நேரே மில்லிலிருந்து, மிஸ், மில்லுல பொம்பளைங்க டீம் ஆரம்பிக்கிறாங்களாம், காலேஜ்ல ஆடுன சர்டிபிகேட் இருந்தா மெஷின விட்டு எடுத்து சூப்பர்வைசர் ஆக்குவாங்களாம், ஒண்ணு எழுதித் தாங்க என்றாள், மங்களேஸ்வரி அலமாரியைத் திறந்து கோப்புகளைப் புரட்டுவது போல நடித்தாள், அமலோற்பவம் சொந்தப் பெயரில் ஆடிய வருஷம் முதல் சுற்றிலேயே தோற்ற வருஷம், தோற்ற அணிக்குச் சான்றிதழ் கிடையாது, உன் பேர்ல ஒண்ணும் இல்லயேம்மா என்று சொன்னாள். சொன்ன வாய் அன்றைக்கே வெந்து போயிருக்கலாம். அமலோற்பவம் சரிங்க மிஸ் என்றாள், வாசலில் கழற்றிப் போட்ட செருப்பை மாட்டினாள், மைதானத்தில் யாரோ உதைத்து வெளியே வந்த பந்தை ஒரு கால் தட்டலில் திருப்பி அனுப்பிவிட்டுப் போனாள்.

அப்புறம் கோப்பைகள் வந்தன, பதினாலு, அவற்றின் பட்டியலை முதல்வர் இன்று மேடையில் வாசிப்பார், இரண்டு பிள்ளைகள் தேசிய முகாம் வரை போனார்கள், கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்பு மஞ்சள் பூசிய முகத்தோடு வந்து ஆடியவள் உண்டு, வயிற்றுவலியோடு ஆடி முடித்துவிட்டு ஓடிவந்து இவள் மடியில் படுத்தவள் உண்டு, மழையில் சேற்றுக் குட்டையாகிவிட்ட இந்த மைதானத்தை ஆளுக்கொரு வாளியோடு இறைத்தார்கள், எல்லாம் உண்மை, எல்லாம் அவள் உழைப்பு, ஆனால் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன்பு பெயர் வாசிக்கிற நேரத்தில் மட்டும் அவள் குனிந்து யாருடைய ஷூ கயிற்றையாவது முடிச்சுப் போட்டுக்கொண்டிருப்பாள், நம்ம மிஸ்ஸுக்குப் பிள்ளைங்க மேல எவ்வளவு அக்கறை பாரு என்று மற்றவர்கள் சொன்னார்கள், பேசத் தெரிந்தவர்கள் எதையும் பேசுவார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை மில்லுக்குப் பின்னால் இருக்கும் காலனிக்குக் கடிதத்தோடு போனாள், நாற்பத்து நாலு வயதில் அமலோற்பவம் இடுப்பில் பெல்ட் கட்டியிருந்தாள், நின்று நின்று முதுகு போய்விட்டது என்றாள், கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு பக்கத்தையும் நிறுத்தி நிதானமாகப் படித்தாள், படிக்கும்போது அடுப்பில் பால் பொங்கியது, எழுந்து போய் இறக்கி வைத்துவிட்டு வந்து விட்ட இடத்திலிருந்து படித்தாள், மடித்து இவள் கையில் கொடுத்தாள். யாருக்காக மிஸ் இத வாசிக்கப் போறீங்க என்றாள், உனக்காகத்தான் அமலு என்றாள் மங்களேஸ்வரி, அமலோற்பவம் சிரித்தாள், எனக்கு இனிமே என்னா வரப் போவுது, பூங்கொடிக்கு ரெண்டு பிள்ளைங்க படிக்குது, அவ வேலைய உருவி நான் எங்க வச்சுக்கப் போறேன், நீங்க சொல்லிட்டா உங்களுக்கு பாரம் எறங்கிரும், வீட்டுல போயி நிம்மதியாப் படுப்பீங்க, அது வேணாம் மிஸ், எறக்க வேணாம், வச்சுக்கங்க. குரலில் கோபமே இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை, திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு அழுதிருக்கலாம். அப்ப நான் என்னடி செய்யட்டும் என்று மங்களேஸ்வரி கேட்டாள், கேட்கும்போது அவள்தான் சின்னப் பிள்ளை போல நின்றாள். அமலோற்பவம் இடுப்பு பெல்ட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டாள், உங்க பார்ட்டிக்கு மேட்ச் வைக்கிறாங்கல்ல, என்னைய எறக்கிவிடுங்க, அஞ்சு நிமிசம் ஆடுனாப் போதும், தேனியில கூப்பிட்ட மாதிரி வரிசையில நிக்க வச்சு எல்லார் பேரையும் கூப்பிடணும், என் பேரச் சொல்லிக் கூப்பிடணும், அப்புறம் பூங்கொடியையும் வரச் சொல்லுங்க, எனக்குப் பக்கத்துல நிக்கட்டும் என்றாள்.

ஆறு, என்கிறாள் சாயம் பூசியவள், பேனா கோடு கிழிக்கிறது, மங்களேஸ்வரி இன்று யாருடைய ஷூ கயிற்றுக்கும் குனியவில்லை, கையைக் கட்டிக்கொண்டு நேராக நிற்கிறாள், வெயில் கண்ணில் அடிக்கிறது, நடுவர் தாளைப் பார்த்து, அமலோற்பவம் என்று வாசிக்கிறார், இடுப்பு பெல்ட்டுக்கு மேல் இறுக்கிப் பிடித்த ஜெர்சியோடு அவள் ஓரடி முன்னால் வருகிறாள், யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை, அமலோற்பவம், ஏழு என்கிறாள், நடுவர் அவள் முகத்தைப் பார்க்கிறார், கோடு கிழிக்கிறார், அவ்வளவுதான், மூச்சு ஒருமுறை உள்ளே போய் வெளியே வருகிற நேரம்கூட ஆகவில்லை, இவ்வளவு சின்னதையா இத்தனை வருஷம் இந்தப் பிள்ளைக்குக் கொடுக்காமல் வைத்திருந்தேன் என்று மங்களேஸ்வரி நினைத்தாள், பையில் இருக்கும் கடிதத்தை இனி எங்கேயும் வாசிக்க முடியாது, வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டியதுதான், எடுத்துப் போய் வைத்துக்கொள்ள வேண்டியதுதான். நடுவர் அடுத்த பெயரை வாசித்தார், பூங்கொடி. யாரும் முன்னால் வரவில்லை. பூங்கொடி தலையைக் குனிந்தபடி நின்றாள், நடுவர் இரண்டாம் முறை கூப்பிட்டார். அமலோற்பவம் அவள் பக்கம் திரும்பி, முழங்கையால் மெதுவாக இடித்து, உன் பேர்தான்டி, சொல்லு என்றாள்.