கைக்குள் வைத்த சேர்வியற்

விமானத்தில் சாப்பாடு கொடுப்பது ஒரு வேலையே இல்லை. சிரித்துக்கொண்டு கொடுத்துவிட்டுப் போகலாம். சாப்பிட்டு முடிந்தபிறகு அந்தத் தட்டுகளைத் திரும்ப எடுப்பதுதான் வேலை. ஒன்பது வருடமாக எடுக்கிறேன். இன்னும் அருவருப்பு விட்டபாடில்லை.

ஒவ்வொரு தட்டோடும் ஒரு கடதாசி சேர்வியற் கொடுக்கிறோம். மடியில் விரிக்க வேண்டும், வாய் துடைக்க வேண்டும், பிறகு மடித்துத் தட்டிலேயே வைக்க வேண்டும். இவ்வளவுதான். சனம் அதைப் படுத்துகிற பாடு சொல்லி மாளாது. மூக்கைச் சிந்தி முன் சீற்றுப் பைக்குள் செருகும். பிள்ளையின் குண்டியைத் துடைத்துத் தயிர்க் கோப்பைக்குள் அமுக்கும். முன்னுக்கு, துணிச் சேர்வியற் கொடுக்கிற பிஸ்னஸ் கிளாசில், கோட் சூட் போட்ட ஒருவர் அதால் கால்விரல் இடுக்கைத் துடைத்ததை இந்தக் கண்ணாலேயே கண்டிருக்கிறேன். துடைத்துவிட்டு மணந்தும் பார்த்தார். சீ.

ஆனாலும் அதுகள் தட்டிலோ பையிலோ கிடக்கும். தட்டின் ஓரத்தைப் பிடித்து இழுத்துத் தள்ளுவண்டிக்குள் விட்டுவிடலாம். கொண்டுவந்து என் கைக்குள் வைக்கிறவர்களைத்தான் என்னால் பொறுக்க முடியாது. போன வியாழக்கிழமை ரொறன்ரோவிலிருந்து லண்டன் வந்த விமானத்தில் அப்படி ஒருவர் வந்து வாய்த்தார். சீற் நம்பர் முப்பத்துநாலு சீ.

காலைச் சாப்பாட்டு நேரம். அறுபத்தைந்து வயதிருக்கும், நெற்றியில் திருநீறு, எங்களுடைய ஆள்தான். முட்டைப் பொரியலைக் கையால் சாப்பிட்டார். அதை நான் குறை சொல்லமாட்டேன், வீட்டில் நானும் கையால்தான் சாப்பிடுகிறேன். எண்ணெய்க் கையை சேர்வியற்றில் துடைத்தார். அதுவும் சரி. பிறகு அதே சேர்வியற்றில் மூக்கைச் சிந்தினார். ஒருமுறை இல்லை, மூன்று முறை. சிந்தியதை விரித்து வேறு பார்த்தார்.

பக்கத்தில் அவருடைய மனைவி இருந்தார். மனைவியின் தட்டு துப்புரவாக இருந்தது, சேர்வியற் நாலாக மடித்து மூலையில் இருந்தது. கைப்பைக்குள்ளிருந்து ஒரு சின்னச் சொப்பிங் பையை எடுத்து, வாயை விரித்துக் கணவருக்கு நீட்டினார். அந்த மனிதர் அவருடைய கையைத் தள்ளிவிட்டார். நான் கிட்ட வரும்வரை காத்திருந்து, என் உள்ளங்கையில் அந்தக் கடதாசியை வைத்து, என் விரல்களைத் தானே மூடியும் விட்டார். ஈரம். இளஞ்சூடு. வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தாங்க் யூ சேர்," என்று சிரித்தேன். பின்னுக்குப் போய் நாலு தரம் கை கழுவினேன். அன்று முழுக்க அந்தக் கையால் ஒன்றும் சாப்பிட மனம் வரவில்லை.

இருந்தாலும் அந்தக் கிழமை எனக்குச் சந்தோசமான கிழமை. ஞாயிற்றுக்கிழமை றஜீவ் வீட்டார் என்னைப் பெண் பார்க்க லண்டன் ஈஸ்ட் ஹாமில் உள்ள எங்கள் வீட்டுக்கு வருவதாக இருந்தது. எனக்கு முப்பத்தொரு வயது. இதற்கு முதல் பேசிவந்த இரண்டு சம்பந்தமும் ஒரே கதையில்தான் குழம்பின. "பிள்ளை நல்ல பிள்ளைதான், ஆனால் ஊர் ஆக்களின்ரை எச்சில் கோப்பையெல்லோ எடுக்கிறா." றஜீவ் அப்படிச் சொல்லவில்லை. இல்ஃபோர்ட்டில் பார்மசி ஒன்றில் வேலை செய்கிறார், அமைதியான குரல், நான் சொல்லும் தட்டுக் கதைகளைக் கேட்டு வயிறு நோகச் சிரிப்பார். இரண்டு மாதமாகத் தொலைபேசியில் கதைக்கிறோம். அம்மாவுக்காக இல்லை, எனக்காகவே இது சரிவர வேண்டும் என்று ஆசைப்பட்டேன். ரொறன்ரோவுக்குப் போக முதல், "எந்த பிளைற்றிலை திரும்பி வாறீர்?" என்று அவர் கேட்டபோது எனக்குச் சந்தோசத்தில் சரியான புளுகம். எங்கே இருக்கிறேன் என்று ஒருவர் யோசிக்கிறாரே என்று நினைத்தேன்.

ஞாயிறு பின்னேரம் அம்மா மீன் பற்றிஸ், றோல்ஸ் எல்லாம் பொரித்து, ரோஸ் நிறச் சேர்வியற் வாங்கி விசிறி போல மடித்து வைத்திருந்தா. மணி அடித்தது, ஆட்கள் உள்ளே வந்து இருந்தார்கள். நான் தேத்தண்ணித் தட்டோடு போனேன்.

சோபாவின் நடுவில் முப்பத்துநாலு சீ இருந்தார்.

"பிள்ளை, என்னைத் தெரியுதோ?" என்றார். பக்கத்தில் அந்த மனைவி, மடியில் அதே கைப்பை. மற்றப் பக்கம் றஜீவ். தட்டை நான் எப்படிக் கீழே வைத்தேன் என்று எனக்கே தெரியாது.

"இந்த யோகலிங்கம் எண்டால் சும்மா இல்லை," என்று அவர் அம்மாவைப் பார்த்துச் சொன்னார். "முந்தியெண்டால் பொம்பிளையைக் கோயிலிலை வைச்சுப் பாப்பம். பட்டுச்சீலை கட்டிக் கும்பிடேக்கை எல்லாரும் நல்ல பிள்ளையள்தான். வேலை செய்யேக்கை பாக்கவேணும். அதுதான் மகனிட்டைக் கேட்டு அந்த பிளைற்றிலை ரிக்கற் போட்டனான். வேணுமெண்டுதான் மூக்கைச் சிந்தி பிள்ளையின்ரை கையுக்கை வைச்சனான். ஒரு சொட்டு முகம் சுளிக்கேல்லையே. அந்த இடத்திலேயே இவவுக்குச் சொல்லிப்போட்டன், இதுதான் எங்கடை வீட்டுக்கு வாற பிள்ளையெண்டு."

அம்மாவின் முகத்தில் வெளிச்சம் வந்தது. "அவள் சின்னனிலையிருந்தே நல்ல பொறுமைசாலி," என்றா. எனக்கு அவரைவிட அம்மாவின் மேல்தான் கூடக் கோபம் வந்தது. அந்தச் சிரிப்பு கொம்பனியுடைய சிரிப்பு. யூனிபோமோடு போட்டு யூனிபோமோடு கழற்றுவது. அதைப் பார்த்துவிட்டு எனக்குப் பொறுமை என்று மார்க் போடுகிறார்கள்.

றஜீவைப் பார்த்தேன். அவர் நிலத்தைப் பார்த்தார்.

நான் குசினிக்குள் போனேன். பின்னாலேயே அவரும் வந்தார்.

"ஜது, கோவமே?"

"உங்கடை அப்பா அம்மா வெள்ளிக்கிழமைதான் லண்டன் வருவினம் எண்டு என்னட்டைச் சொன்னீங்கள்."

"அப்பாவுக்கு ஒரு ஆசை. சேர்வியற் கதை எனக்குத் தெரியாது, சத்தியமா. அது சரியான அரியண்டம்தான். நான் சண்டை பிடிக்கிறன் அவரோடை." பிறகு குரலைத் தாழ்த்தி, "அப்பா அம்மா ரொறன்ரோவிலை இருக்கினம். நாங்கள் இஞ்சை தனியத்தானே இருக்கப்போறம். நான் அப்பா மாதிரி இல்லை," என்றார்.

அந்தக் கடைசிச் சொல்லில் என் கோபம் இளகியது, பொய் சொல்லக்கூடாது. நல்ல முகம் அவருக்கு. தகப்பனுடைய மூக்குச் சளிக்காக இந்த மனிசனை விடுவதா என்று யோசித்தேன். விடக்கூடாது என்று முடிவெடுத்துக்கொண்டு, முகத்தைச் சரிசெய்து, திரும்ப முன்னறைக்குப் போய் இருந்தேன்.

யோகலிங்கம் அங்கிள் மூன்றாவது பற்றிஸை முடித்திருந்தார். அம்மாவின் விசிறிகளில் ஒன்றை உதறி, வாயைத் துடைத்து, பிறகு முழுப் பலத்தோடும் மூக்கைச் சிந்தினார். சிந்திவிட்டு அதை என் பக்கம் நீட்டினார். "இந்தாரும் பிள்ளை," என்று கண்ணைச் சிமிட்டினார். அம்மாவும் சேர்ந்து சிரித்தா.

நான் கையை மடியில் வைத்துக்கொண்டேன். "இண்டைக்கு எனக்கு லீவு, அங்கிள்."

அதற்குள் அன்ரி கைப்பையைத் திறந்துவிட்டார். அதே சின்னச் சொப்பிங் பை, வாய் விரித்தபடி. அங்கிள் திரும்பியும் பார்க்காமல் அதற்குள் போட்டார். "கலியாணம் கட்டி முப்பத்தாறு வருசம். என்ரை கையிலை ஒரு குப்பை தங்கினதில்லை," என்றார்.

நான் குசினியிலிருந்து குப்பை வாளியைத் தூக்கிவந்து முன்னறை நடுவில் வைத்து மூடியைத் திறந்தேன். அம்மா கண்ணால் கெஞ்சினா.

"அன்ரி, இதுக்குள்ளை கொட்டுங்கோ. அதையேன் கைப்பையுக்கை வைச்சிருக்கிறியள்?"

அன்ரி முதலில் தயங்கினார். பிறகு பையைக் கவிழ்த்தார். இப்போது போட்டது மட்டும் இல்லை. ஈரமாக நாலைந்து கடதாசி, சப்பித் துப்பிய பேரீச்சங்கொட்டை, பல் குத்திய குச்சி, தோடம்பழச் சக்கை எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு விழுந்தன. நாற்றம் எனக்கு வந்தது, அம்மாவுக்கும் வந்திருக்க வேண்டும். அன்ரி வெறும் பையை முழங்காலில் வைத்துத் தடவி, நாலாக மடித்து, திரும்பக் கைப்பைக்குள் வைத்தார்.

"அதையும் எறியுங்கோவன், அன்ரி."

"போகேக்கை காரிலை தேவைப்படும், பிள்ளை," என்றார். மழை வந்தாலும் வரும், குடையை எடுங்கோ என்று சொல்வதைப்போலத்தான் சொன்னார். அவருக்கு அதில் வெட்கமும் இல்லை, கவலையும் இல்லை.

அந்த அந்தரத்தைச் சமாளிக்க றஜீவ் தாய்க்குப் பக்கத்தில் வந்து இருந்து, என் அம்மாவோடு கதை தொடங்கியிருந்தார். இல்ஃபோர்ட்டில் வீட்டு வாடகை, எலிசபெத் லைன் ரெயினில் எத்தனை நிமிடம், இப்படி ஏதோ. றோல்ஸ் ஒன்றைச் சாப்பிட்டு முடித்தார். ரோஸ் சேர்வியற்றில் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார். கசக்கி உருட்டினார். குப்பை வாளி அவருடைய காலடியில், மூடி திறந்தபடி இருந்தது. கதையை நிறுத்தாமல், அம்மாவின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல், இடது கையைப் பக்கத்தில் இருந்த தாயிடம் நீட்டினார்.

அன்ரி மடித்து வைத்த பையைத் திரும்ப எடுத்து விரித்தார்.

"றஜீவ்," என்றேன். "எனக்கு இந்தக் கலியாணம் வேண்டாம்."

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். "ஏன் ஜது? நான் என்ன செய்தனான்?"

உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார். கடதாசி கையில் இருந்தது, கை தாயின் பைக்கு நேரே நீட்டியபடி இருந்தது.