நாற்பத்தோரடிக் கிணறு

கணக்கு வாத்தியார் கோபாலசாமி, பி.எஸ்ஸி., பி.டி., விடைத்தாள் திருத்தும்போது கேள்வித்தாளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள மாட்டார். இருபத்திரண்டு வருஷ சர்வீசுக்கு அது இழுக்கு என்பது அவர் எண்ணம். அவர் போர்டில் எழுதிப்போடும் நோட்ஸில் இருக்கிற கணக்குகள்தான் பரீட்சைக்கு வரும். எண்கூட மாறாது. மாற்றினால் பிள்ளைகள் குழம்பிவிடுவார்களாம்.

"மார்க்குங்கிறது தராசு முள்ளு. உள்ள என்ன இருக்கோ அதத்தான் காட்டும்" என்று ஒவ்வொரு ஆண்டுவிழாவிலும் சொல்லுவார். சொல்லும்போது ஆள்காட்டி விரலையே முள்ளாக்கி நட்டுக்குத்தலாக நிறுத்திக் காட்டுவார். கைதட்டு விழும். நல்ல மனுஷர்தான். பிள்ளைகளை அடிக்க மாட்டார், சிவப்பு மையால் கேலி செய்வதோடு சரி.

எழுபத்தொன்பதாம் வருஷம் ஒன்பதாம் வகுப்பு முழுப் பரீட்சையில் சாமித்துரை என்ற பையன் கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கினான். கோபாலசாமி சர்வீசில் முதல் நூறு. தலைமையாசிரியர் பரமசிவன் அதைப் பள்ளிக்கூடத்து வாசல் போர்டில் கலர் சாக்பீஸால் எழுதி, கீழே இரண்டு கோடும் போட்டார். கோபாலசாமி அன்றைக்கு வாசல் வழியாகத் தேவையில்லாமல் ஏழெட்டுத் தடவை போய்வந்தார்.

அதே பரீட்சையில் வேலுத்தாய்க்கு முப்பத்தொன்று. பாஸ் மார்க் முப்பத்தைந்து. மற்ற பாடமெல்லாம் எப்படியோ தேறிவிட்டது. பெயிலானால் தீப்பெட்டி ஆபீசுதான் என்று அவள் அப்பா முன்பே சொல்லியிருந்தார். எங்கள் பக்கத்தில் குச்சி அடுக்குகிற கொட்டகைக்கும் ஆபீஸ் என்றுதான் பேர். அந்த ஆபீசுக்கு விடிவதற்கு முன்பே வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும்.

விடைத்தாளைக் கொடுத்த மறுநாள் வேலுத்தாயின் அம்மா வெயிலுகந்தம்மாள் பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். கிணறு வெட்டுகிற இடங்களில் மண் சுமக்கிறவள். மகளையும் தாளையும் கையில் பிடித்துக்கொண்டு ஆசிரியர்கள் அறை வாசலில் நின்றாள்.

"என்னம்மா, மார்க்கு போடச் சொல்லி வந்தியா? அதெல்லாம் இங்கன நடக்காது" என்றார் கோபாலசாமி.

"மார்க்குக்கு வரல சார். இதுல செவப்பு மையில என்னமோ எழுதியிருக்கியளாம். பிள்ள ராத்திரியெல்லாம் அழுதுக்கிட்டு கெடக்கா. அது என்னன்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

பதினேழாவது கேள்வி. வட்டக் கிணற்றின் விட்டமும் ஆழமும் கொடுத்து, தோண்டிய மண் எத்தனை கன அடி என்று கேட்கிற கணக்கு. ஐந்து மார்க். விடை ஆறாயிரத்து நூற்று அறுபது. வகுப்பில் மற்ற நாற்பத்து மூன்று பேரும் அதைத்தான் எழுதியிருந்தார்கள். வேலுத்தாய் மட்டும் ஐம்பத்திரண்டாயிரத்து எண்ணூற்று முப்பத்தொன்று, மூன்றின் கீழ் ஏழு என்று எழுதியிருந்தாள். கோபாலசாமி பெரிய பெருக்கல் குறி போட்டு, பக்கத்தில் 'இது கிணறா, கண்மாயா?' என்று எழுதியிருந்தார்.

அதை அவரே வாசித்துக் காட்டி, சரியான விடை ஆறாயிரத்துச் சொச்சம்தான் என்றும் சொல்லி, அவரே சிரித்தார்.

வெயிலுகந்தம்மாள் சிரிக்கவில்லை. "கெணறுதான் சார். போன வருசம் எங்க ஊருல இதே அகலத்துல, நாப்பதடி ஆழத்துக்கு ஒண்ணு வெட்டுனாவ. நாலு மாசம் சொமந்தோம். நீங்க சொல்லுத ஆறாயிரம்னா பதினஞ்சு நாளுல முடிஞ்சிருக்கும்லா? மிச்ச நாளெல்லாம் நாங்க என்னத்த சொமந்தோம்?"

"இதே அகலம்னா எவ்வளவு?"

"நாப்பத்தோரடின்னு போட்டுருக்காம். இவதான் சொன்னா."

"பதினாலடிம்மா."

"பதினாலடியில கமலை எறைக்கிற கெணறா? மாடு எட்டிப் பாத்துச் சிரிக்கும் சார்."

வேலுத்தாய் புத்தகப் பைக்கூட்டுக்குள்ளிருந்து கேள்வித்தாளை எடுத்து நீட்டினாள். கோபாலசாமி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். விட்டம் 41 அடி. கோவில்பட்டி அச்சாபீசில் எவனோ ஒன்றையும் நாலையும் இடம் மாற்றிக் கோத்துவிட்டான்.

அவர் ஒரு தாளை எடுத்துக் கணக்கைப் போட்டார். முதல் தடவை பின்னமே வரவில்லை. வேலுத்தாய் எட்டிப் பார்த்து, "சார், இருபதரைய இருபதரையால பெருக்குததுல கால விட்டுட்டீங்க" என்றாள். மறுபடி போட்டார். மூன்றின் கீழ் ஏழு சுத்தமாக வந்து உட்கார்ந்தது.

சாமித்துரையைக் கூப்பிட்டு விட்டார்.

"ஏலே, பதினேழாவது கேள்விய வாசிச்சியா?"

"வாசிச்சேன் சார்."

"விட்டம் எவ்வளவுன்னு இருந்துச்சு?"

சாமித்துரை கூரையைப் பார்த்தான். "கெணறுன்னு இருந்துச்சு சார். அதுக்கு மேல வாசிக்கல. நீங்கதான் கெணறுன்னா ஆறாயிரத்து நூத்தி அறுவதுன்னு சொல்லிருக்கீங்க."

குற்றம் சொல்லுகிற குரல் இல்லை அது. நன்றியோடுதான் சொன்னான்.

கோபாலசாமி தாளோடு தலைமையாசிரியர் அறைக்குப் போனார். பரமசிவன் ஒரே வரியில் தீர்ப்புச் சொன்னார்: "அந்தப் பிள்ளைக்கு அஞ்சு போடுங்க, பாஸாக்குங்க, பேச்ச விடுங்க."

"மத்தவன் எழுதுனது தப்பு சார். கேக்காத கணக்குக்கு விடை எழுதிருக்கான். நாப்பத்து மூணு பேரும்."

"அஞ்சக் கொறைச்சா எத்தன பேரு தோப்பான்?"

"ஏழு."

"வாசல்ல எழுதிருக்க நூறு?"

கோபாலசாமி திரும்பிப் பார்த்தார். ஜன்னல் வழியே வாசல் போர்டு தெரிந்தது. பச்சை சாக்பீஸ், ரோஸ் சாக்பீஸ்.

"அச்சாபீஸ்காரன் பண்ணுன தப்புக்கு ஏழு பிள்ளையளத் தீப்பெட்டி ஆபீசுக்கு அனுப்பணுமா? நல்லா யோசிங்க சார்" என்றார் பரமசிவன். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. இருபத்திரண்டு வருஷமாகப் பிள்ளைகளைக் கிணறு என்ற சொல்லோடு வாசிப்பை நிறுத்தப் பழக்கியவர் யார் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடக் கோபாலசாமிக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்திருக்கும்.

திரும்பி வந்து முப்பத்தொன்றை அடித்து முப்பத்தாறு என்று எழுதினார். கண்மாய் என்ற சொல்லையும் அடித்தார். அது லேசில் மறையவில்லை, நாலு தடவை அடிக்க வேண்டியிருந்தது.

"பாஸும்மா. பத்தாம் வகுப்புக்கு வரட்டும்."

வெயிலுகந்தம்மாள் தாளை வாங்கி மகளிடம் கொடுத்தாள். "மத்த பிள்ளையளுக்கு ஒண்ணும் கொறையலையே சார்?"

"இல்லம்மா."

"அப்ப சரி. நல்லா இருக்கட்டும்."

அவர்கள் வராந்தாவில் இறங்கப் போனார்கள். கோபாலசாமிக்கு அப்படியே விட மனசில்லை.

"ஏட்டி வேலு, இங்க வா. இவ்வளவு பெரிய பின்னத்தப் போடத் தெரியுது. மிச்ச அறுவத்துநாலு மார்க்கு எங்கட்டி போச்சு?"

வேலுத்தாய் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அம்மா முதுகில் தட்டினாள். "சொல்லு. கடிக்கவா போறாவ?"

"எனக்கு நோட்ஸு மனப்பாடமா நிக்காது சார். ஒவ்வொண்ணையும் அங்கனயே போட்டுத்தான் பாக்கணும். பாதியில மணி அடிச்சிருதாவ."

கோபாலசாமி தாளைத் திரும்ப வாங்கினார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கேள்வித்தாளைப் பக்கத்தில் விரித்து வைத்து, முதல் கேள்வியிலிருந்து படிக்க ஆரம்பித்தார். பாதியில் நின்ற கணக்குகள், அடித்துத் திருத்திய கணக்குகள், ஓரத்தில் பொடிப்பொடியாகப் பெருக்கிப் பார்த்த எண்கள் என்று இருந்தது. நாலாவது கேள்வியில் விரலை வைத்து, "இத எப்படிட்டி போட்ட? நான் இப்படிச் சொல்லிக் குடுக்கலயே" என்றார்.

"பஸ்ஸு போயிரும் சார்" என்றாள் வெயிலுகந்தம்மாள்.

"அடுத்த பஸ்ல போங்க" என்றார் கோபாலசாமி, தலையைத் தூக்காமல்.