மலைவிடுதியில் அபிஷனின் அம்மா

தேடுதலை நிறுத்தப் போகிறோம் என்று பொலிஸ் அதிகாரி சொன்ன அன்று, பத்மாவதி மலைவிடுதியை விட்டு இறங்க மறுத்துவிட்டாள். அவளுடைய கணவர் நாகேந்திரம் வாடகைக்குப் பிடித்த வாகனத்தின் கதவைத் திறந்து பிடித்தபடி முற்றத்தில் நின்றார்.

"நீங்கள் போங்கோ. நான் பிள்ளையோடைதான் வருவன்."

"பத்மா, இஞ்சை நீ தனிய என்ன செய்யப் போறாய்?"

"தேடப் போறன்."

அபிஷன் அவர்களுடைய ஒரே மகன். பல்கலைக்கழகத்தில் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தான். கொழும்பிலுள்ள ஒரு மலையேற்றக் கழகத்தில் சேர்ந்ததிலிருந்து விடுமுறை கிடைத்தால் போதும், பையைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்துவிடுவான். நக்கிள்ஸ் மலைத்தொடரின் ஓரத்தில் கைவிடப்பட்ட ஏலத்தோட்டம் ஒன்றின் பழைய பங்களாவைக் கழகம் வாங்கி விடுதியாக்கியிருந்தது. சம்பளத்துக்கு ஆள் இல்லை. உறுப்பினர்களே முறை வைத்து வந்து சமைப்பார்கள், விறகு பிளப்பார்கள், கழிவறை கழுவுவார்கள். கொழும்பு வெள்ளவத்தை வீட்டில் குடித்த கோப்பையைக்கூட எடுத்து வைக்காத பிள்ளை, இங்கே ஒரு கூட்டத்துக்கே பருப்பும் சம்பலும் செய்து போடுகிறான் என்று கேள்விப்பட்டபோது பத்மாவதி முதலில் நம்பவில்லை. பிறகு கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

ஐப்பசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை, நண்பர்களோடு உச்சிக்கு ஏறியவன், மத்தியானச் சமையல் தன்னுடைய முறை என்று சொல்லிவிட்டு முதல் ஆளாகத் திரும்பியிருக்கிறான். மற்றவர்கள் பின்னால் ஆறுதலாக இறங்கி வந்தார்கள். நடுவில் மூடுபனி இறங்கிவிட்டது. அவர்கள் தட்டுத்தடுமாறி விடுதிக்கு வந்து சேர்ந்தபோது அடுப்பு பற்றவைக்கப்படாமல் கிடந்தது.

மறுநாள் அவனுடைய தொப்பி கிழக்கே, ஓடைப் பள்ளத்தின் மேல்விளிம்பில் அகப்பட்டது. அதனால் பொலிசார், இராணுவத்தினர், ஊர்க்காரர்கள், கழகத்துப் பிள்ளைகள் எல்லாரும் அந்தப் பள்ளத்தையே சல்லடை போட்டார்கள். வேறொன்றும் கிடைக்கவில்லை.

கழகத்தின் செயலாளர் டோரின். கொட்டாஞ்சேனையைச் சேர்ந்தவள், துறைமுகப் பக்கம் ஒரு கப்பல் கொம்பனியில் வேலை. அவள் தயங்கித் தயங்கிப் பத்மாவதியிடம் வந்தாள்.

"அக்கா, ரூல்ஸ் படி வீக்கெண்ட் முடிஞ்சா கெஸ்ட் யாரும் தங்க ஏலாது."

"அப்ப என்னை வேலைக்கு வையுங்கோ."

"இங்க வேலைக்குன்னு யாரும் இல்லக்கா. எல்லாரும் வொலண்டியர்தான்."

"அப்ப நானும் அதுதான்."

டோரின் கைப்பையிலிருந்து குசினிக் கதவின் திறப்பை எடுத்து அவள் கையில் வைத்தாள்.

அப்படித்தான் பத்மாவதி அங்கே தங்கினாள். வார நாட்களில் இரவுத் துணைக்குக் கீழ்க் கிராமத்திலிருந்து ஒரு பெண் வருவாள். பகலில் பத்மாவதி ஓடைப் பள்ளத்துக்குப் போவாள். முழங்கால் வலிக்கும், அட்டை கடிக்கும். பாறைகளுக்கு நடுவே நின்று மகனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். மூடுபனி இறங்கும் நேரத்துக்கு விடுதிக்குத் திரும்பிவிடுவாள். சாப்பாட்டுக்கு ஆட்களைக் கூப்பிடக் குசினிக்கு வெளியே ஒரு தண்டவாளத் துண்டு தொங்கியது. பனி விலகும்வரை இரும்புக் கம்பியால் அதை அடித்துக்கொண்டிருப்பாள். பனிக்குள் நிற்கிறவனுக்கு விடுதி தெரியாது, சத்தமாவது கேட்கட்டும் என்று நினைத்தாள்.

வார இறுதியில் கொழும்பிலிருந்து பிள்ளைகள் சிரித்துக்கொண்டு வந்து இறங்குவார்கள். அவர்களுக்குச் சோறு போட்டுக்கொண்டே சொல்லுவாள்: "மேலை போனால் ஓடைப் பக்கம் ஒருக்கா எட்டிப் பாருங்கோ ராசா. நீல நிற மழைக்கோட்டு." மேசையில் சிரிப்பு நின்றுவிடும்.

கொஞ்ச நாளில் டோரினிடம் முறைப்பாடு போனது. அவள் அதைக் காவிக்கொண்டு வந்தாள்.

"அக்கா, கோவிக்காதீங்க. செத்த வீட்டுக்கு வந்த மாதிரி இருக்குன்னு சில பேர் சொல்றாங்க."

"என்ர பிள்ளை சாகேல்லை."

"நான் அப்படிச் சொல்லலக்கா."

"சரி. இனி நான் ஒண்டும் கதைக்கேல்லை."

சொன்னபடியே கதைப்பதை விட்டுவிட்டாள். ஆனால் சோற்றுச் சட்டியைப் பிடித்துக்கொண்டு, சாப்பிடும் ஒவ்வொரு பையனின் முகத்தையும் பார்த்துக்கொண்டு நின்றாள். அது அவர்களுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

நாகேந்திரம் வெள்ளிக்கிழமைகளில் ரயிலும் பஸ்ஸும் மாறி வந்து சேர்வார். வரும்போது அவளுக்குக் கம்பளிச் சட்டை, முழங்காலுக்குப் பூச எண்ணெய் என்று ஏதாவது இருக்கும். மார்கழி முடிவில் ஒரு காலை, இருவரும் விறகுக் கொட்டிலில் இருந்தபோது அவர் சொல்லிவிட்டார்.

"பத்மா, அவன் இல்லையெண்டு உனக்கும் தெரியும்."

"உங்களுக்குத் தெரியுமோ? நீங்கள் கண்டனியளோ?"

"மூண்டு மாசம் ஒரு மனுசன் காட்டுக்குள்ளை..."

"கண்டனியளோ எண்டுதான் கேட்டனான்."

அவர் விறகுக் கட்டையைக் கீழே போட்டார். "அங்கை நான் என்ன மாதிரி இருக்கிறன் எண்டு ஒரு நாளாவது கேட்டனியோ? வெள்ளவத்தை காலி வீதிக் கடையிலை இடியப்பப் பார்சல் வாங்கிக்கொண்டு போய், ரிவியைச் சத்தமாப் போட்டிட்டுச் சாப்பிடுறன். சத்தத்தைக் குறைச்சால் வீடு என்னைப் பிடிச்சு விழுங்குது. எனக்கும் அவன் பிள்ளைதான்."

அவர் அழுது முடியும்வரை அவள் பக்கத்தில் இருந்தாள். பிறகு எழுந்து ஓடைப் பள்ளத்துக்குப் போய்விட்டாள்.

தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை, மாளிகாவத்தையைச் சேர்ந்த அஸ்கா என்ற பெண் கல்லூரித் தோழிகளோடு வந்தாள். அன்றும் அவர்கள் உச்சியில் நிற்கும்போது பனி இறங்கியது. தோழிகள் இறங்கி வந்து ஆள் எண்ணிப் பார்த்தபோது அஸ்காவைக் காணவில்லை. ஒருத்தி ஓவென்று அழத் தொடங்கினாள். டோரின் கைபேசியில் சிக்னல் பிடிக்க முற்றமெல்லாம் ஓடினாள். நாகேந்திரம் விசிலோடு மேலே ஏறினார். பத்மாவதி யாரோடும் பேசாமல் தண்டவாளத்தை அடித்துக்கொண்டிருந்தாள். உள்ளங்கை கொப்புளித்து உடைந்தும் நிறுத்தவில்லை.

நேரம் போனது. அடிக்கும் அடிக்கும் நடுவே, பனிக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"...ம்மா!"

கம்பி அவள் கையிலிருந்து விழுந்தது. "அபி!" என்று கத்திக்கொண்டு புல்மேட்டில் ஏறி ஓடினாள். விழுந்தாள், எழும்பினாள். "நில்லு ராசா, அசையாதை, அம்மா வாறன்!" குரல் மறுபடி வந்தது, இன்னும் கிட்ட. புல்லுக்குள் ஓர் உருவம் குந்திக்கொண்டிருந்தது. பாய்ந்து போய்த் தோளைப் பிடித்துத் திருப்பினாள். நனைந்த முக்காட்டுக்குள் ஒரு பெண்ணின் முகம். "உம்மா... உம்மா..." என்று தன் தாயைக் கூப்பிட்டபடி அது நடுங்கிக்கொண்டிருந்தது.

"நீ ஆர்?" என்று பத்மாவதி கத்தினாள். "நீ ஏன் வந்தனீ? என்ர பிள்ளை எங்கை?"

அந்தப் பிள்ளை பயந்துபோய் அவளைப் பார்த்தது. உதடு நீலம் பாரித்திருந்தது. பத்மாவதிக்கு அந்தக் கணத்தில் அவள்மேல் வெறுப்புத்தான் வந்தது, அது உண்மை. ஆனாலும் கை தானாகப் போய்த் தன் கம்பளிச் சட்டையைக் கழற்றி அந்தப் பெண்ணுக்குப் போட்டது. அவளை அணைத்தபடி இறக்கிக் கொண்டுவந்து அடுப்பருகே இருத்தினாள்.

மறுநாள் காலை அஸ்காவின் தாய் ஜவாஹிறா வந்து சேர்ந்தாள். மகளைக் கட்டிப்பிடித்து ஒரு பாட்டம் அழுத பிறகு, பத்மாவதியின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"நீங்கதான் என்ட புள்ளய எனக்குத் தந்தீங்க. அல்லாஹ் உங்களுக்கு..."

பத்மாவதி கையை இழுத்துக்கொண்டு குசினியின் பின்பக்கம் போய்விட்டாள். அங்கே சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள்.

பின்னாலேயே அஸ்கா வந்தாள்.

"ஆன்ட்டி, நீங்க ஓடைப் பக்கம் மட்டுமா தேடுறீங்க?"

"அங்கைதான் தொப்பி கிடந்தது."

"நானும் வழமையான பாதையிலதான் எறங்கிறேன்னு நினைச்சேன் ஆன்ட்டி. ஆனா நான் போனது மத்தப் பக்கம். உச்சிக்குக் கீழ மரை மான் நடந்து நடந்து ஒரு தடம் இருக்கு. அசல் பாதை மாதிரியே அகலமா இருக்கு. பனிக்குள்ள வித்தியாசம் தெரியாது. கொஞ்ச தூரத்தில கால் வைக்க நெலம் இல்ல. அப்பதான் நீங்க அடிச்ச மணிச்சத்தம் எனக்குப் பின்னால கேட்டுச்சு. அதால திரும்பினேன்."

பத்மாவதி அவளையே பார்த்தாள். தொப்பியைக் காற்று கொண்டுபோய்ப் போட்டிருக்கலாம் என்று இத்தனை நாளில் யாருக்கும் தோன்றவில்லை. அவளுக்கும் தோன்றவில்லை.

அன்று வானம் வெளித்திருந்தது. டோரினும் நாகேந்திரமும் அவளை விடுதியில் நிற்கச் சொன்னார்கள். அவள் கேட்கவில்லை. அஸ்கா சொன்ன தடத்தின் முடிவில் மலை சட்டென்று அறுந்து கீழே போனது. ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு முதலில் எட்டிப் பார்த்தவள் பத்மாவதிதான். அவள் கத்தவில்லை.

"அங்கை," என்றாள். "நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டு கிடக்கிறான்."

கயிறு கட்டி ஆட்களை இறக்கி அவனை மேலே கொண்டுவரப் பொழுது சாய்ந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் சிங்கள வைத்தியர் நாகேந்திரத்தை ஒரு பக்கமாக அழைத்துப் பேசினார். கால் எலும்பு முறிந்திருந்தது, முறிந்த இடத்துக்கு மேலே கழுத்துத் துணியைக் கிழித்துத் தானே கட்டுப் போட்டிருக்கிறான் என்றார். குரலைத் தாழ்த்தி, "தவஸக் விதர" என்றார். ஒரு நாள் அளவில் உயிரோடு இருந்திருப்பான். பத்மாவதி பின்னால் வந்து நின்றதை இருவரும் கவனிக்கவில்லை. அவள் கொழும்புக்கு வந்து முப்பது வருடமாகிறது. சந்தையிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் சிங்களத்தில் கதைத்துத்தான் வீடு நடத்தியவள்.

ஒரு நாள். எல்லாரும் ஓடைப் பள்ளத்தில் அவன் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்த அந்த ஒரு நாள்.

நாகேந்திரம் திரும்பி அவளைக் கண்டார். முகத்தைத் துடைத்துக்கொண்டு கிட்ட வந்தார்.

"என்னவாம்?" என்று அவள் கேட்டாள்.

"விழுந்த உடனை போயிட்டானாம், பத்மா. நோவே தெரிஞ்சிராதாம்."

அவருடைய வாய் கோணிக்கொண்டு போனதை அவள் பார்த்தாள்.

"ஓம்," என்றாள். "அப்பிடித்தான் இருக்கும்."

பிள்ளையின் சவப்பெட்டியோடு கொழும்புக்கு இறங்கும் வழியில் நாகேந்திரம் களைத்து அவள் தோளில் சாய்ந்து தூங்கிப்போனார். வளைவுகளில் அவருடைய தலை கண்ணாடியில் இடிபடாமல், காயம் ஆறாத உள்ளங்கையால் அவள் தாங்கிப் பிடித்துக்கொண்டாள்.