தச்சர் விழுந்த கதவு

தச்சர் தன் வாயாலேயே தூக்கில் போட்டவர்களை எல்லாம் நிஜமாகவே போட்டிருந்தால் அந்த ஊரில் பாதி வீடு காலியாகக் கிடந்திருக்கும். பாலில் தண்ணீர் கலந்தவன், கடை வாசலில் வண்டியை நிறுத்திவிட்டுக் காணாமல் போனவன், ஈரப் பலகையைக் காய்ந்த பலகை என்று தலையில் கட்டிய மரக்கடைக்காரர், மின்சாரம் போன நேரம் பார்த்து ஃபோனை எடுக்காத அதிகாரி என்று யாரைப் பற்றிப் பேச்சு வந்தாலும் ஒரே தீர்ப்புதான். "இவனையெல்லாம் நிக்க வச்சுத் தூக்குல போடணும்." சாப்பாட்டில் உப்பு கூடிப்போன நாளில் மட்டும் வாயைத் திறக்க மாட்டார். அந்த நீதிமன்றத்தில் நீதிபதி வேறு ஆள்.

அப்படிப்பட்டவருக்குப் பேச நிஜமாகவே ஒரு தூக்குத் தண்டனை கிடைத்தால் சும்மா இருப்பாரா? திருடப் புகுந்த வீட்டில் வயதான தம்பதியைக் கொன்ற ஒருவனுக்கு எல்லாக் கோர்ட்டும் கைவிரித்து, கருணை மனுவும் போன வழியே திரும்பி வந்து, இன்னும் இரண்டு மாதத்தில் தூக்கு என்று முடிவாகியிருந்தது. ஊர்ச் சிறையிலேயே நடக்கப் போகிறது. அன்றிலிருந்து தச்சர் கடைக்கும் பக்கத்து டீக்கடைக்கும் நடுவே போட்டிருந்த பெஞ்சில் உட்கார இடம் கிடைக்கவில்லை.

எதிர்க்கட்சித் தலைவர் எதிர்க்கடைத் தையல்காரர். "யோவ், நான் தப்பாத் தைச்சா பிரிச்சுத் தைக்கலாம். இதைப் பிரிக்க முடியுமா?" என்பார்.

"அந்தப் பெரியவங்க ரெண்டு பேரையும் பிரிச்சுத் தைச்சுக் கொடு. அப்புறம் பேசு" என்பார் தச்சர்.

இதற்கு மேல் இருவரிடமும் சரக்கு கிடையாது. ஆனால் சத்தம் இருந்தது. டியூஷன் வாத்தியார், சிறையில் உட்கார வைத்துச் சோறு போடுவது யார் வீட்டுப் பணம் என்று கேட்பார். பார்சல் ஆபீஸ் குமாஸ்தா தன்னை இரக்கமுள்ளவர் என்று நினைத்துக்கொண்டிருப்பவர். கொல்லவே கூடாது, செருப்பில்லாமல் வெயிலில் நிற்க வைத்துச் சாகும்வரை கல் உடைக்க வைத்தால் போதும் என்பார். டீக்கடைக்காரர் அந்த நேரம் யார் டீ சொல்கிறாரோ அவர் கட்சி.

இந்த நிலைமையில்தான் ஒருநாள் ஜெயிலர் ஜீப்பில் வந்து இறங்கினார். சர்க்கரை இல்லாத டீ குடிக்கிற, அதிராமல் பேசுகிற மனிதர். தூக்குமேடையில் இரட்டைக் கதவு ஒன்று இருக்கிறதாம். ஆள் அதன்மேல் நிற்பான், நெம்புகோலை இழுத்தால் இரண்டு பலகையும் கீழ்நோக்கித் திறந்துகொள்ளும். பல வருஷமாக வேலை இல்லாததால் கரையான் அரித்துவிட்டது. புதிதாகச் செய்ய வேண்டும்.

"உங்க வேலை சுத்தமா இருக்கும்னு எல்லாரும் சொன்னாங்க" என்றார்.

மாட்டேன் என்று சொல்லத்தான் தச்சர் நாக்கைப் புரட்டினார். எதிரே தையல்காரர் ஊசியில் நூல் கோப்பதை நிறுத்திவிட்டு இவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பெஞ்சு மொத்தமும் பார்த்துக்கொண்டிருந்தது. "அதுக்கென்ன சார், செஞ்சுட்டாப் போச்சு" என்று சொல்லிவிட்டார்.

வீட்டில் சொன்னபோது அவர் மனைவி தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "நீங்கதானே நாள் பூரா போடணும் போடணும்னு கத்துனீங்க. கதவு இல்லாம எப்படிப் போடுவாங்க? போய்ச் செய்ங்க."

"என்னடி, இப்படிப் பேசுற?"

"வேற எப்படிப் பேசணும்? எனக்கு இந்த வீட்டுக் கதவே சரியா மூடல. மொதல்ல அதைப் பார்த்தா புண்ணியமாப் போகும்."

சிறைக்குள் முதல் நாள் தச்சர் வாசலை இரண்டு தடவை திரும்பிப் பார்த்தது உண்மை. ஆனால் மரத்தைத் தொட்ட பிறகு எல்லாம் மறந்துபோனது. நல்ல தேக்குப் பலகை வாங்கிக் கொடுத்திருந்தார்கள். இரண்டு பலகையும் சேருகிற இடத்தில் வெளிச்சம்கூட நுழையாதபடி பொருத்தினார். ஓரத்தில் சிராய் கிளம்பியிருந்ததைப் பார்த்து, வெறுங்காலில் குத்திவிடுமே என்று இழைப்புளியை எடுத்தார். யாருடைய காலில் என்று நினைத்ததும் கை ஒரு நொடி நின்றது. பிறகு, வேலை வேலைதானே என்று மறுபடி இழைத்தார்.

தச்சருக்கு ஒரு வழக்கம் உண்டு. அவர் உட்காராத நாற்காலி கடையை விட்டுப் போகாது. கட்டில் என்றால் படுத்துப் புரண்டு பார்ப்பார். ஏணி என்றால் உச்சிப்படியில் நின்று குதிப்பார். ஒருமுறை தொட்டில் செய்துவிட்டு அதற்குள் ஒரு காலை விட்டு மாட்டிக்கொண்டார்; அவர் மனைவி வந்துதான் உருவி எடுத்தாள். தன் உடம்பைத் தாங்காத சாமானை அடுத்தவனுக்குக் கொடுக்க மாட்டேன் என்பதில் அவருக்கு அப்படி ஒரு திமிர்.

கதவு முடிந்த அன்று ஜெயிலர் வந்து பார்த்தார். நெம்புகோல் ஒரு மறைப்புச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தது. இழுக்கிறவனுக்கு நிற்கிறவன் தெரியக்கூடாது என்று அந்தக் காலத்திலேயே யாரோ யோசித்துக் கட்டியது. சுவருக்குப் பின்னால் ஒரு காவலர் நின்றிருந்தார்.

"முடிஞ்சுதா?" என்றார் ஜெயிலர்.

"முடிஞ்சுது சார்."

முதலில் வெறும் கதவாக ஒரு தடவை, அப்புறம் மணல் மூட்டையை வைத்து ஒரு தடவை இழுத்துப் பார்ப்பது அங்கே வழக்கம். ஜெயிலர் அதைச் சொல்ல மறந்தார். அதே நேரம் அவருடைய ஃபோன் அடித்தது. எடுத்துக்கொண்டே சுவர்ப் பக்கம் திரும்பி, "இழுத்துப் பாருப்பா" என்றார். அந்த இடைவெளியில் தச்சர், ஏதாவது கிறீச்சிடுகிறதா என்று பார்க்க, வாழ்நாள் பழக்கத்தில், கதவின் நட்டநடுவில் ஏறி நின்று இரண்டு குதி குதித்தார்.

கிறீச்சிடவில்லை. வேலை அவ்வளவு சுத்தம்.

கழுத்தில் கயிறு இல்லாததால் நேராகக் குழிக்குள் போய் விழுந்தார். போகிற வழியில் இடது பலகையை எட்டிப் பிடித்ததில் அதன் கீலும் வளைந்துபோனது. கால் எலும்பு முறிந்த சத்தத்தை விட அவர் போட்ட கெட்ட வார்த்தைகளின் சத்தம் பெரிதாக இருந்ததாகச் சிறைக்குள் பேச்சு. உள்ளே இருந்த கைதிகளே காதைப் பொத்திக்கொண்டார்களாம்.

மாவுக்கட்டோடு வீட்டுக்கு வந்தவரைப் பார்க்கத் தெருவே திரண்டது. அந்தக் கதவு வழியாகப் போய்த் திரும்பி வந்து பேசுகிற ஒரே ஆள் இவர்தான் என்று டீக்கடைக்காரர் அறிவித்துவிட்டார். டீ தம்ளர் தம்ளராக வீட்டுக்கே வந்தது, காசு கேட்காமல்.

"இப்பவாவது புரிஞ்சுதா?" என்றார் தையல்காரர். ஆறுதல் சொல்ல வந்தவர் முகத்தில் இவ்வளவு சந்தோஷம் இருக்கக் கூடாது.

"என்ன புரியணும்? எனக்குக் கால்தான் உடைஞ்சிருக்கு. கருத்து உடையல."

"அப்படிச் சொல்லுங்க!" என்று டியூஷன் வாத்தியார் கட்டிலைத் தட்டினார். தட்டியது மாவுக்கட்டுக்குப் பக்கத்தில். தச்சர் கத்திய கத்தலில் அவரையும் தூக்குப் பட்டியலில் சேர்த்துவிட்டார் என்று எல்லோருக்கும் புரிந்தது.

இரண்டு கட்சிக்கும் இப்போது அவர் வேண்டும். வேண்டாம் கட்சிக்காரர்கள் பொதுக்கூட்டத்தில் பேசக் கூப்பிட்டார்கள். வேண்டும் கட்சிக்காரர்கள், "விழுந்தும் மாறாத உறுதி" என்று சுவரொட்டி அடிக்க அவருடைய போட்டோ கேட்டார்கள். தச்சர் இருவரிடமும் யோசித்துச் சொல்கிறேன் என்றார். வாழ்க்கையில் அவர் யோசித்துச் சொல்கிறேன் என்று சொன்னது அதுவே முதல் தடவை. அவர் மனைவி கதவருகில் நின்று ஒரு மாதிரி பார்த்தாள்.

பத்து நாள் போனபின் சிறை வண்டி வந்தது. ஓட்டுநரும் அந்தக் காவலரும் சேர்ந்து கீல் வளைந்த இடது பலகையைக் கொண்டுவந்து முன்னறையில் கிடத்தினார்கள். வேறு தச்சர்கள் யாரும் வர மறுக்கிறார்களாம். உட்கார்ந்தபடியே கீலை மாற்றிக் கொடுத்தால் போதும் என்று ஜெயிலர் சொல்லி அனுப்பியிருந்தார். ஓட்டுநர், தூக்கி வந்ததே போதும், இனித் தொட மாட்டேன் என்று வண்டியில் போய் உட்கார்ந்துவிட்டார். வாசலில் வழக்கமான கூட்டம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

காவலர் உட்காரவில்லை. சின்ன வயசுக்காரர். கையில் ஒரு பை ஆப்பிள். அதைக் கீழே வைக்கவும் தோன்றாமல் நின்றார்.

"அண்ணே, அன்னிக்கு நான்தான்ணே இழுத்தேன்."

"தெரியும் தம்பி. உட்காருங்க."

"சத்தியமா நீங்க மேல நிக்கிறது எனக்குத் தெரியாதுண்ணே. சுவரு மறைச்சிருச்சு. அதிலிருந்து தூக்கமே இல்ல. சாப்பிட உட்கார்ந்தா நீங்க கத்துனதுதான் காதுல கேக்குது. என்னை மன்னிச்சிருங்கண்ணே." சொல்லிக்கொண்டே அழ ஆரம்பித்துவிட்டார்.

தச்சருக்குச் சங்கடமாகப் போய்விட்டது. "ஐய, இதுக்குப் போய் அழுவாங்களா? நீங்க என்ன வேணும்னா செஞ்சீங்க? விழுறப்பவே எனக்குத் தெரியுமே. எவனோ தெரியாம இழுத்துட்டான்னுதான் தோணுச்சு. அதனாலதான் பயமே வரல தம்பி. கோபந்தான் வந்துச்சு. இப்ப மேல இருந்து ஓடி வந்து தூக்கிருவாங்கன்னு தெரியும்ல? அந்தத் தைரியத்துலதான் அவ்வளவு கெட்ட வார்த்தை."

சிரிப்பதற்காகத்தான் சொன்னார். காவலரும் சிரிக்கத்தான் முயன்றார்.

"அடுத்த மாசமும் நான்தான்ணே இழுக்கணும்" என்றார். "அவனுக்கு அப்படித் தோணாதுல்ல? தெரியாம இழுத்துட்டாங்கன்னு."

தச்சர் எதற்கும் பதில் வைத்திருப்பவர். கொலையான பெரியவர்களைப் பற்றிச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தார். அது உண்மை, இன்னும் உண்மைதான். அவர்கள் போனதும் போனதுதான். கைதிமேல் அவருக்கு ஒரு துளி இரக்கமும் இல்லை. எதிரே நிற்கிற இந்தப் பையனைப் பார்க்கத்தான் தாங்கவில்லை. குனிந்து பலகையைத் தடவினார். இழைத்த ஓரம் வழுவழுவென்று இருந்தது. வெட்கமாக இருந்தது.

மனைவி திருப்புளியையும் புதுக் கீலையும் கொண்டுவந்து அவர் பக்கத்தில் வைத்தாள். தச்சர் திருப்புளியை எடுத்தார். வாசல் கூட்டம் எக்கிப் பார்த்தது. அவர் திருப்புளியை மறுபடி கீழே வைத்தார்.

"கொண்டு போயிருங்க தம்பி. கால் இன்னும் சரியாகலைன்னு ஜெயிலர்கிட்ட சொல்லுங்க."

"கால் சரியான பிறகு?"

"அப்பவும் சரியாகலைன்னு சொல்லுங்க."

வெளியே தையல்காரர் கைதட்டினார். "நீ சும்மா இருய்யா, ஒனக்காகச் சொல்லல" என்று தச்சர் எரிந்து விழுந்தார். டியூஷன் வாத்தியாருக்கு முகம் சிவந்துவிட்டது. "என்னங்க இது, கட்சி மாறிட்டீங்களே! ஒரு கீலு மாட்டுறதுல என்ன இருக்கு? நாட்டுக்குச் செய்ற கடமைங்க இது."

காவலர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பலகையின் ஒரு முனையைத் தூக்கினார். தேக்கு, தனி ஆளுக்கு அசையாது. வாசலைப் பார்த்தார்.

"யாராவது இந்தப் பக்கம் கொஞ்சம் பிடிங்க. வண்டி வரைக்கும்தான்."

யாரும் நகரவில்லை.

"வாத்தியாரே, வாங்க. கடமைன்னீங்களே" என்றார் தச்சர்.

வாத்தியாருக்கு அப்போதுதான் இடுப்புவலி ஞாபகம் வந்தது. டாக்டர் கனம் தூக்கவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறாராம். பார்சல் ஆபீஸ் குமாஸ்தா, வேலைநாள் முழுக்க மூட்டையும் பெட்டியுமாகப் பிடித்துப் பழகிய ஆள், தன் உள்ளங்கை இரண்டையும் உற்றுப் பார்த்துவிட்டுச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார். சுவரொட்டிக்குப் போட்டோ கேட்டவர்கள் அடுப்பில் ஏதோ வைத்துவிட்டு வந்தவர்களைப் போல அவசரமாகக் கிளம்பினார்கள். டீக்கடைக்காரர், தம்ளர் எடுக்க வந்தவர், அந்தப் பலகையைத் தாண்டவே பயந்து சுற்றிக்கொண்டு போனார்.

நான் பிடிக்கிறேன் என்று தையல்காரர் ஒரு எட்டு முன்னால் வைத்தார். யாராவது கஷ்டப்பட்டால் கை கொடுத்துப் பழகிவிட்ட மனிதர். பலகைக்குப் பக்கத்தில் வந்ததும்தான் எதைப் பிடிக்கப் போகிறோம் என்று உறைத்து, நடு அறையில் அப்படியே நின்றுவிட்டார்.

காவலர் தூக்கிய முனையை மெல்லக் கீழே வைத்தார்.

"ஜெயிலர் கேட்டா என்னண்ணே சொல்றது?"

"பொய்யே வேண்டாம் தம்பி" என்றார் தச்சர். "மறுமுனையைப் பிடிக்க ஒரு ஆள் கிடைக்கலைன்னு சொல்லுங்க."

காவலர் அவரைப் பார்த்தார். பிறகு வந்ததிலிருந்து பிடித்துக்கொண்டிருந்த ஆப்பிள் பையை ஒருவழியாகக் கீழே வைத்துவிட்டு, பலகையின் மேல் படாமல், அதற்குப் பக்கத்தில் வெறுந்தரையில் உட்கார்ந்தார்.