பதினான்காவது பாடம்

ஐந்தரைக்கு எழுந்தான். பால் பாக்கெட்டை வெட்டிக் காய்ச்சினான். ஒரு தம்ளர் காபி. குளித்தான். கையில் அகப்பட்ட சட்டையை மாட்டிக்கொண்டான். கடலூர் பஸ் ஸ்டாண்டில் ஏழு பத்துக்குச் சிதம்பரம் வண்டி. குடிகாடு கிட்டே ரசாயன ஆலை நாற்றம் வந்ததும் எல்லோரும் ஜன்னலைச் சாத்தினார்கள். செந்தமிழ்செல்வனும் சாத்தினான்.

சிதம்பரத்தில் ஒரு தனியார் கல்லூரியில் கணக்கு வாத்தியார் அவன். மனைவி வினோதினி அங்கேயே வேதியியல் எடுத்தாள். அவள் போய் ஒன்பது மாதம் ஆகிறது.

ஆன்லைன் வகுப்புக்குக் கல்லூரி புதிய தளம் வாங்கியிருந்தது. பழையதை இன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு மூடுகிறார்கள். அவரவர் பாடத்தை அவரவர்தான் புதியதில் கட்ட வேண்டும். வினோதினியின் பாடத்தை இவனே செய்தால் நன்றாயிருக்கும் என்றார் முதல்வர். இவனும் தலையாட்டிவிட்டான்.

பயிற்சி என்று ஒரு மணி நேரம் நடந்தது, பாதி புரியவில்லை. பழைய தளத்தில் வீடியோவை ஏற்றினால் வேலை முடிந்தது. புதியதில் ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு பெட்டி, அதற்கொரு தேர்வு, ஒன்றை முடித்தால்தான் அடுத்தது திறக்கும் என்று ஒரு பூட்டு. எதைத் தொட்டாலும் ‘உறுதியா?’ என்று கேட்டது. கேட்டபோதெல்லாம் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டான். நான்கு நாள் இப்படியே போயிற்று.

பதினாலு பாடம். பதின்மூன்றை மாணவர்கள் பார்த்துவிட்டார்கள். பதினாலாவது அவள் கடைசியாகப் பதிவு செய்தது. மற்றதெல்லாம் இருபது நிமிடம். அது மட்டும் முப்பத்தொன்று. அந்தப் பதிவு அறையில்தான் அவள் சரிந்தாள். யாரும் பதிவை நிறுத்தவில்லை, அது அப்படியே பழைய தளத்தில் ஏறிவிட்டது. அன்று இவனுக்குக் கடலூரில் பரீட்சை மேற்பார்வை. இவன் வந்து சேர்ந்தபோது அவளுக்கு நினைவில்லை. இரண்டு நாள் கழித்து, கண் திறக்காமலே போனாள். கூட இருந்தது சிவப்ரியா, அவளோடு வேதியியல் எடுப்பவள். கடைசியாக உங்க பேரைத்தான் சொன்னாங்க சார் என்று சாவு வீட்டில் சொன்னாள். அதற்குமேல் இவன் கேட்கவில்லை. அந்த வீடியோவையும் திறக்கவில்லை.

இன்று மூன்றரைக்குப் புதிய தளத்தில் பதினாலு பாடத்துக்கும் பச்சை டிக் விழுந்திருந்தது. மாணவனைப் போல உள்ளே போய்ப் பார்த்தான். தலைப்புகள் இருந்தன. வீடியோ ஒன்றுகூட இல்லை.

கணினிப் பிரிவில் இருக்கும் இளவரசுவைக் கூப்பிட்டான். கூடப் படித்தவன். அவன் பட்டியலைப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

“எல்லா ஃபைலுக்கும் தலையில பிள்ளையார் சுழி போட்டுருக்காங்க மச்சான். பிள்ளையார இந்த மெஷினுக்குத் தெரியாது. ஃபைல் பேருல தமிழ் எழுத்து இருந்தா தாண்டிப் போயிடும்.”

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

சந்தை லிஸ்டாக இருந்தாலும் ஒரு ‘உ’ போட்டுத்தான் அவள் தொடங்குவாள். இப்போது ஒவ்வொன்றாக இறக்கி, அந்த ‘உ’வை எடுத்துவிட்டு மறுபடி ஏற்ற வேண்டும். ஒன்றிலிருந்து தொடங்கினான். இணையம் நகர்ந்து நகர்ந்து வந்தது. நாலு நாற்பதுக்குப் பதின்மூன்று முடிந்தது. பதினாலை விட்டுடு, யாரும் பாக்காத பாடந்தானே என்றான் இளவரசு. இவன் இறக்கு என்பதை அழுத்தினான்.

நாற்பது சதவீதத்தில் நின்றது. இது போனால் போனதுதான், வேறெங்கும் இல்லை. வந்தால், அதற்குள் என்ன இருக்கிறதோ. அவள் விழும் சத்தம் இருக்குமோ. இரண்டு பயத்தில் எது பெரியது என்று தெரியவில்லை. நாலு ஐம்பத்தாறுக்கு நூறு காட்டியது. ஐந்துக்கெல்லாம் பழைய தளம் திறக்கவில்லை.

வீடியோ வெட்டும் மென்பொருளில் போட்டார்கள். திரையில் குரல் கோடுகளாக ஓடியது. இருபத்திரண்டாம் நிமிடம் வரை அடர்ந்த கோடு. பிறகு கொஞ்சம் வெறுமை. அதன் பிறகு சின்னதாக ஒரு கொத்து. அதற்கப்பால் தாறுமாறு.

“இருபத்திரண்டுல வெட்டிடு, போதும். இல்ல, நீ வெளிய போ, நான் கேட்டுப் பாத்து வெட்டுறேன்.”

“வேணாம்டா.”

இவனே வெட்டினான். பாடத்தைப் பெட்டியில் ஏற்றினான். மாணவனாக உள்ளே போனான். ஓடியது. மீதி ஒன்பது நிமிடத்தை அழிக்கலாமா என்று மென்பொருள் கேட்டது. ‘உறுதியா?’

இல்லை என்பதை அழுத்தினான். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, இளவரசுவைப் போகச் சொன்னான். மவுஸைச் சின்னக் கொத்தில் கொண்டுபோய் வைத்தான்.

நாற்காலி நகரும் சத்தம். சாருக்குப் போன் போடட்டுமா அக்கா என்று சிவப்ரியா கேட்கிறாள். அப்புறம் வினோதினி, தெளிவாக, கொஞ்சம் எரிச்சலாக:

“போடாதடி. பரீட்சை ஹால்ல இருப்பாரு, பயந்துடுவாரு.”