மண் போட்டு மூடிய தீ

பைன் மரத்தடியில் நூல் நூலாகப் புகை எழுகிறது, நான் கவனிக்கவில்லை, வெள்ளத்தாயிதான் பார்த்தாள், மாசி பிறந்தால் வெட்டவெளியில் தீக்குச்சி கிழிக்கக் கூடாது என்று எங்கள் மலையில் வீடு வீடாகச் சொல்லிப்போகும் தீக்காவல்காரி, அன்றிலிருந்து இத்தனை வருஷமாக நான் மனசுக்குள் கும்பிட்டுக்கொண்டிருக்கும் வெள்ளத்தாயி. அக்கா, இங்க தீ மூட்டினீங்களா என்கிறாள், எனக்குச் சுர்ரென்று கோபம் ஏறுகிறது, தடை வந்த பிறகு யாரடி மூட்டினது, ரேஞ்சரிடம் சொல்லி உன் வேலைக்கு உலை வைக்கிறேன் பார், என்ன வாய் எனக்கு. மூட்டினது நிஜம்தான், தடைக்கு முந்தின நாள், என் விடுதிக்கு வந்தவர்கள் குளிர்காய ஆசைப்பட்டார்கள், சோளக்கதிர் சுட்டார்கள், பாடினார்கள், விடிந்ததும் வழக்கம்போல மண்ணை அள்ளி மூடிவிட்டேன், கோடையில் ஒரு குடம் தண்ணீருக்கு நாயாய் அலைகிறவள் அதைச் சாம்பலில் ஊற்றுவேனா, அந்த மண்ணில் பாதி பைன் சருகு என்று எனக்கு உறைக்கவே இல்லை.

அவள் மண்டி போட்டுப் புறங்கையைத் தரையில் வைக்கிறாள், வெடுக்கென்று எடுக்கிறாள், ஒரு அடி தள்ளி வைக்கிறாள், மறுபடி எடுக்கிறாள், வேர் போகிற வழியே அந்தக் கை நகர்ந்து நகர்ந்து பின்னறையின் பலகைச் சுவரில் போய் நின்றது, உள்ளே யாருக்கா என்றாள், என் மகள், இருபது நாள் பச்சைக் குழந்தையோடு என்றேன். முதல்ல அவங்கள வெளிய கூட்டியாங்க, என்னை அப்புறம் திட்டிக்கலாம். மகளையும் பாப்பாவையும் வாசல் வெயிலில் உட்காரவைத்துவிட்டு ஓடிவருகிறேன், சுவரோரம் தோண்டிவிட்டாள், வேருக்குள் கனல் ஊதுபத்தி முனைபோல நகர்ந்துகொண்டிருந்தது, பலகைக்கு ஒரு சாண்தான் பாக்கி.

தொட்டித் தண்ணீர் முழுக்க ஊற்றினோம், கிளறினோம், மறுபடி ஊற்றினோம், கையைக் குடுங்கக்கா என்று என் கையைப் பிடித்துச் சேற்றுக்குள் அழுத்தினாள், சுடுதா, இல்லை என்றேன், இப்பதான் தீ அணைஞ்சிருக்கு என்றாள். நான் பேசின பேச்சை மனசுல வச்சுக்காத வெள்ளத்தாயி என்று ஆரம்பித்தேன், அவள் என்னைப் பார்க்கவில்லை, வாசல் பக்கம் காதைக் கொடுத்து, பாப்பாவுக்குப் பசி போலக்கா என்றாள், அப்போதுதான் எனக்குக் கேட்டது, தொண்டை கிழிய அழுதுகொண்டிருந்தாள், போய்த் தூக்கத் தோன்றாமல் அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.