மேடேறிய பேச்சு

மலைமேல் வளப்பூர் நாட்டில் சுகுணாவின் வீட்டுக்குள் செல்போன் சிக்னல் கிடையாது. இதை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். பின்னால் நடந்த அத்தனைக்கும் வேர் அங்கேதான் இருக்கிறது.

வீட்டுக்குப் பின்பக்கம் பலா மரங்களைத் தாண்டி, மிளகுக்கொடி ஏறிய மரங்களையும் தாண்டி, கால் மணி நேரம் ஏறினால் தண்ணீர்த் தொட்டி நிற்கிற மேடு வரும். அங்கே நின்றால் மூன்று கோடு காட்டும். அதனால் அந்தப் பக்கத்துப் பெண்கள் எல்லோரும், குச்சிக்கிழங்கு வேகிற நேரத்தில் வீட்டிலேயே பேசிப் பதிவு பண்ணி அனுப்பிவிடுவார்கள். அது போகாது. பக்கத்தில் ஒரு சின்னக் கடிகாரக் குறியோடு போனுக்குள்ளேயே காத்துக் கிடக்கும். போனோடு மேட்டில் கால் வைத்ததும், பட்டி திறந்துவிட்ட ஆடு மாதிரி ஒன்றன்பின் ஒன்றாகத் தானே கிளம்பிவிடும்.

சுகுணாவின் மகன் கவினுக்கு இரண்டரை வயது முடிந்துவிட்டது. பேச்சு வரவில்லை. 'அம்மா' என்றுகூட ஒரு தடவை சொன்னதில்லை. பசித்தால் அவள் விரலைப் பிடித்து அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போவான், அவ்வளவுதான். மூன்று வயதுவரை பார்க்கலாம் என்று செவிலியம்மா சொல்லியிருந்தார். நானும் நாலு வயசில்தான் பேசினேனாம் என்று புருஷன் யுவராஜ் சிரித்துவிட்டுக் கட்டட வேலைக்குப் போய்விடுவான். பெற்றவளுக்கு அப்படிச் சிரித்துவிட்டுப் போக முடியுமா?

அப்போதுதான் 'செல்லக்குட்டி அம்மாக்கள்' என்ற வாட்ஸ்அப் குழு அவளுக்குக் கிடைத்தது. நானூறு தாய்மார்கள். நடத்துகிறவள் நாமக்கல் டவுனில் இருக்கும் சண்முகப்பிரியா. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை, சேலத்திலிருந்து பேச்சுப் பயிற்சி கொடுக்கும் ஒரு மேடம் வீடியோவில் வந்து ஒரே ஒரு குழந்தையைப் பார்ப்பார். காசு இல்லை. எந்தக் குழந்தை என்று பட்டியல் போடுவது சண்முகப்பிரியா. அந்தப் பட்டியலில் கவின் பேர் வரவேண்டும். சுகுணாவுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

குழுவில் சேர்ந்தவர்கள் பிள்ளை சாப்பிடுவதைப் படம் போட வேண்டும் என்பது ஒரு வழக்கம். அவளும் போட்டாள். சாமைச் சோற்றில் பருப்பு ஊற்றிப் பிசைந்து, கவின் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிற படம். பையனுக்கு இன்னும் பேச்சு வரவில்லை, மேடத்திடம் காட்ட வேண்டும் என்றும் கீழே எழுதினாள்.

மறுநாள் மேடேறிப் பார்த்தால் அறுபத்திரண்டு பதில். இது கோழிக்கு வைத்ததா, குழந்தைக்கு வைத்ததா என்று ஒருத்தி கேட்டிருந்தாள். மலையில் யார் பேச்சுச் சொல்லிக்கொடுப்பார்கள், குரங்குதான் என்று இன்னொருத்தி. "எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறும்போது பேச்சு எந்த வளைவுல எறங்கிப் போச்சோ, தேடிப் பாருங்க சிஸ்டர்" என்று ஒருத்தி எழுதியதற்கு நூறு பேர் சிரித்திருந்தார்கள். ராவில் யாரோ கவினின் தலையை மட்டும் படத்திலிருந்து வெட்டியெடுத்து, பிளந்த வாய்க்குக் கீழே 'பே... பே...' என்று எழுதி ஸ்டிக்கர் ஆக்கிவிட்டார்கள். அதற்கப்புறம் குழுவில் யார் எதைத் தப்பாகச் சொன்னாலும் பதிலுக்குக் கவின் முகம் வந்து விழும். கறிக்குழம்பில் உப்பு கூடிவிட்டது என்றால் கவின். யாருடைய மாமியாராவது மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டால் கவின்.

அதை எடுத்துவிடச் சொல்லி அவள் கேட்டாள். ஜாலிக்குத்தானே என்றார்கள். கடைசியில் சண்முகப்பிரியாவே பேசி அனுப்பினாள். "சிஸ்டர், இங்க எல்லாரும் படிச்சவங்க, பிரண்ட்லியா இருக்கோம். இதுக்கே மூஞ்சி சுருங்குனா எப்படி? புடிக்கலன்னா தாராளமா வெளிய போங்க. மேடத்துக்கு வெயிட்டிங்ல எட்டுக் கொழந்தைங்க இருக்குதுங்க."

சுகுணா வெளியே போகவில்லை. அடுத்த தடவை மகனின் முகம் வந்து விழுந்தபோது, அதற்குக் கீழே அவளும் ஒரு சிரிப்புப் பொம்மையைப் போட்டாள். அப்படியே பழகிக்கொண்டாள்.

உள்ளே இருப்பது எங்காவது போகவேண்டுமே. அதற்கு அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். வீட்டில் அடுப்பு முன்னால் உட்கார்ந்து, நாக்கில் வந்ததையெல்லாம் அந்தக் குழுவுக்குப் பேசி அனுப்புவாள். உன் பிள்ளை வாய் கோணிப் போகட்டும், உன் வீட்டில் விளக்கு எரியாமல் போகட்டும் என்பாள். கடிகாரக் குறி விழும். மனசு காலியாகிவிடும். காலையில் மேட்டுக்குக் கிளம்புமுன் அதை அழித்துவிடுவாள். நானூறு பேரையும் இப்படி எத்தனையோ நாள் திட்டித் தீர்த்திருக்கிறாள், ஒருத்தி காதிலும் விழுந்ததில்லை. சிக்னல் இல்லாத வீட்டுக்கு அப்படி ஒரு வசதி உண்டு.

அந்த நானூறு பேரில் ஒருத்தி மட்டும் அவளிடம் தனியாகப் பேசினாள். பேளுக்குறிச்சியில் வாக்கப்பட்ட பானுமதி. அவள் பெண்ணுக்கும் இரண்டு வயது, நாலு சொல்லுக்கு மேல் வரவில்லை. அந்த ஸ்டிக்கரை நான் ஒரு தடவைகூடத் தொட்டதில்லை கண்ணு என்பாள். சாமை சாப்பிட்ட பிள்ளைக்கு எலும்பு இரும்பாக இருக்கும் என்பாள். ஒரு நாள் இப்படி அனுப்பியிருந்தாள்:

"மேடம் கெடக்கறாங்க கண்ணு, மொதல்ல அவன் காத ஒருக்கா டெஸ்ட் பண்ணிப்புடு. பெரியாஸ்பத்திரில சும்மாவே பாக்கறாங்களாம். தனியா போறதுக்குப் பயமா இருந்தா நானும் கூட வாரேன். உங்க மலை பஸ்ஸு பேளுக்குறிச்சில நிக்குமில்ல, அங்க ஏறிக்கறேன்."

போகலாம் அக்கா என்று சுகுணா சொன்னாள். ஆனால் போகவில்லை. மேடம் பார்த்தால்தான் சரியாகும் என்று அவள் மனசு ஒரே பிடியாகப் பிடித்துக்கொண்டிருந்தது.

பானுமதி ஒரு நாள் அழுதுகொண்டே பேசினாள். மூன்று ராத்திரி தூக்கமில்லை. பாப்பா நிறுத்தாமல் கத்தியிருக்கிறாள். மாமியார் உள்ளேயிருந்து திட்ட, இவள் ஒரு நிமிஷம் கண் இருண்டு, குழந்தையின் தொடையில் இரண்டு அறை வைத்துவிட்டாள். விரல் அஞ்சும் பதிந்துவிட்டது. அதன் மேல் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டு விடியவிடிய அழுதிருக்கிறாள். "உங்கிட்ட மட்டுந்தான் சொல்றேன் கண்ணு. யாருகிட்டயும் சொல்லிறாத. எங்கூட்டுல தெரிஞ்சா பாப்பாவப் புடுங்கிட்டு என்னய வெளிய தள்ளிருவாங்க."

சொல்ல மாட்டேன் அக்கா என்று சுகுணா சத்தியம் பண்ணினாள். அப்போது மனசாரத்தான் பண்ணினாள்.

இந்த மாதம் கவின் பேர் நிச்சயம் என்று சண்முகப்பிரியா சொல்லியிருந்தாள். வெள்ளிக்கிழமை மேடேறிப் பட்டியலைப் பார்த்தால் பேர் மாறியிருந்தது. பானுமதியின் மகள். பானுமதி அதைக் கேட்கவே இல்லை என்பது சுகுணாவுக்கு அப்போது தெரியாது. பானுமதியின் புருஷனும் சண்முகப்பிரியாவின் புருஷனும் ஒரே லாரி ஆபீஸில் வேலை, அந்தப் பழக்கத்துக்காகப் போட்டது. கவினுக்கு அடுத்த வருஷம் பார்க்கலாம் சிஸ்டர் என்று ஒரு வரி இருந்தது. கூடவே அவன் முகமும், பே பே என்று.

ஆத்திரத்தில் ஓட்டமாக இறங்கினாள். வீட்டுக்கு வந்து அடுப்பு முன்னால் உட்கார்ந்தாள். போனை வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஐம்பது நொடி பேசினாள். "பேளுக்குறிச்சி பானுமதி பெரிய உத்தமியா? பெத்த புள்ளயத் தொடையில வெரலு பதிய அடிச்சுப்போட்டு எண்ணெ தடவி மறைக்கறவ. அவளே எங்கிட்ட வாய்விட்டுச் சொன்னா. கை நீட்டறவ புள்ளைக்கு மேடம், எம்புள்ளைக்குச் சிரிப்பா?" அனுப்பினாள். கடிகாரக் குறி விழுந்தது. எப்போதும்போல மனசு கொஞ்சம் தணிந்தது. போனை அரிசிப் பானை மூடி மேல் வைத்துவிட்டுக் களி கிண்டப் போனாள்.

அந்த வீட்டுக்கு ஒரே போன்தான். யுவராஜ் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து அதை எடுத்தான்.

"மேஸ்திரிக்கு ஒரு போன் போட்டுட்டு வந்தர்றேன். திங்கக்கெழம வேல இருக்குதான்னு கேக்கோணும்."

கரண்டியைப் பிடித்த கை நின்றது. ஏனுங்க, கொஞ்சம் நில்லுங்க என்றால் போதும். அரை நொடி வேலை. அழித்துவிட்டுக் கொடுத்திருக்கலாம். அவள் களியைப் பார்த்தாள். கவின் அடுப்படி ஓரத்தில் உட்கார்ந்து, சத்தமே இல்லாமல் ஒரு பலாக்கொட்டையை உருட்டிக்கொண்டிருந்தான். யுவராஜ் வாசலைத் தாண்டினான். பலா மரம் வரைக்கும் அவன் முதுகு தெரிந்தது, கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான். அவள் கூப்பிடவில்லை. மறுபடியும் களியைக் கிண்ட ஆரம்பித்தாள்.

அவன் திரும்பி வந்து திங்கக்கிழமை வேலை இருக்கிறது என்று சந்தோஷமாகச் சொன்னான். போனை வாங்கிப் பார்த்தாள். கடிகாரக் குறி இல்லை.

விடிந்ததும் ஓடிப்போய் அதை அழித்தாள். அழித்து என்ன? அதற்குள் யாரோ சேமித்து மூன்று தடவை திரும்பப் போட்டிருந்தார்கள். ராத்திரி முழுக்கக் குழு தூங்கவில்லை. பேய், பெத்த வயிறா அது, கையை வெட்டணும், இவளெல்லாம் எதற்குப் பெத்துக்கிறாள் என்று நானூறு வாயும் ஒரே வாயாகியிருந்தது. பானுமதியின் கல்யாணப் படத்திலிருந்து முகத்தை வெட்டி, இரண்டு கொம்பு வைத்து ஸ்டிக்கர் வந்துவிட்டது. இடையில் பானுமதி ஒரே ஒரு தடவை, தயவுசெய்து நிறுத்துங்கள் என்று எழுதியிருந்தாள். அதற்குப் பதிலாகக் கவின் முகம் பதினேழு தடவை விழுந்திருந்தது. குழுவில் இருந்த பேளுக்குறிச்சிக்காரி ஒருத்திக்குப் பானுமதியின் வீடு தெரியும். சாயங்காலமே சந்தையில் மாமனாரைப் பார்த்து அந்தப் பேச்சைப் போட்டுக் காட்டிவிட்டேன் என்று பெருமையாக எழுதியிருந்தாள்.

சுகுணாவுக்கு மட்டும் பாராட்டு. "உண்மையச் சொல்ல ஒரு தைரியம் வேணும். மலை அம்மாவுக்கு ஒரு ஓ போடுங்க" என்று சண்முகப்பிரியா எழுதியிருந்தாள். அதற்குக் கீழே திருத்திய பட்டியல். கவின், ஞாயிறு, பதினொரு மணி.

பானுமதியிடமிருந்து தனியாக ஒரு பேச்சு வந்திருந்தது. ஒன்பது நொடி. "பாப்பாவ நாத்தனா ஊட்டுக்குத் தூக்கிட்டுப் போய்ட்டாங்க. என்னய எங்கம்மா ஊட்டுல கொண்டாந்து உட்டுட்டாங்க. உம்மேல கோவமில்ல சுகுணா. உங்கிட்டச் சொன்னது ஏந்தப்பு." கண்ணு என்று கூப்பிடவில்லை. சுகுணா பதில் அனுப்பினாள். ஒற்றை டிக்கோடு நின்றது. அந்த நம்பர் அதற்கப்புறம் திறக்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கவினுக்குத் தலைக்கு ஊற்றி, புதுச் சட்டை போட்டு, மேட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனாள். தொட்டி நிழலில் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டாள். சரியாகப் பதினொரு மணிக்கு மேடம் வந்தார். கண்ணாடி போட்ட சாந்தமான முகம். ஓரத்துக் கட்டத்தில் சண்முகப்பிரியா.

மேடம் கவினையே பார்த்தார். "இந்தத் தம்பிய எங்கயோ பாத்திருக்கேனே."

"அந்த பே பே ஸ்டிக்கர் மேடம்" என்றாள் சண்முகப்பிரியா.

"அட, அவனா இவன்! எங்க சொந்தக்காரங்க குரூப்ல கூடச் சுத்திட்டிருக்கு" என்று மேடம் வாய்விட்டுச் சிரித்தார். கெட்ட மனசு இல்லை, சும்மா வந்த சிரிப்பு. சண்முகப்பிரியாவும் சிரித்தாள். இத்தனை நாள் விரலால் சிரித்துப் பழகிய சுகுணா, இப்போது வாயாலும் சிரித்தாள்.

கவின் நிமிர்ந்து அம்மாவின் முகத்தைப் பார்த்தான். அது சிரித்து அவன் பார்த்துப் பல நாள் ஆகியிருந்தது. அவனும் வாயைப் பிளந்தான், அந்தப் படத்தில் இருக்கிற மாதிரியே. மூன்று பேரும் மறுபடி சிரித்தார்கள். இன்னும் அகலமாகப் பிளந்தான்.

அப்புறம் மேடம் கையைத் தட்டிப் பார்த்தார், பேர் சொல்லிக் கூப்பிட்டார். கவின் திரும்பவில்லை. "காது டெஸ்ட் எடுத்தீங்களாம்மா? எடுக்கலையா? அத எடுக்காம நான் ஒண்ணும் சொல்ல முடியாது. பெரியாஸ்பத்திரிக்குப் போங்க, சும்மாவே பாப்பாங்க." ஆறு நிமிஷத்தில் எல்லாம் முடிந்தது.

செவ்வாய்க்கிழமை பஸ் ஏறினாள். எழுபது வளைவும் இறங்கும்வரை கவினை மடியிலேயே வைத்திருந்தாள். பக்கத்து சீட்டில் பையை வைத்திருந்தாள், ஏன் வைத்தாள் என்று அவளுக்கே தெரியாது. பேளுக்குறிச்சியில் பஸ் நின்றது. கண்டக்டர் அந்த சீட்டைக் காட்டி, "ஏனுங்க, இங்க யாராச்சும் வர்றாங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க" என்று பையை எடுத்து மடியோரம் வைத்துக்கொண்டாள்.

கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்து உட்கார்ந்து, கவினைப் பார்த்துச் சிரித்தாள். சிரிப்பைக் கண்டதும் கவின் வாயைப் பிளந்தான், தனக்குத் தெரிந்த அந்த ஒரே முகத்தோடு. அந்தப் பெண் கண்ணைச் சுருக்கி அவனை உற்றுப் பார்த்தாள்.

சுகுணா உள்ளங்கையால் மகனின் வாயை இறுகப் பொத்தினாள்.